இரண்டாவது சவுக்கு வரிசை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கோதுமை வயலின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. தலைவகிடு மாதிரி நேராக மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, வேலிச்செடிகளுக்கு இடையில் ஒரு மரக்கதவைத் தொடும். வயல் ஒருவருக்குச் சொந்தம். ஆனால் அந்தப் பாதையில் நடக்க அவரைக் கேட்க வேண்டியதில்லை. உழுது விதைத்தாலும் பாதையை மறுபடி போட்டுவிட வேண்டியது அவர் பொறுப்பு. அங்கே இது ஒரு பெரிய விஷயமே இல்லை. நாட்டுப்புறம் முழுக்க இப்படிப் பாதைகள்தாம். வயலுக்குள், ஆப்பிள் தோட்டத்துக்குள், சில இடங்களில் வீட்டுக் கொல்லை ஓரமாகக்கூடப் போகும். நாயைக் கூட்டிக்கொண்டு கிழவர்கள் நடப்பார்கள். எனக்கு மட்டும் அது பெரிய விஷயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆக்லாந்தில், கிளென்ஃபீல்டிலிருந்து பென்ரோஸ் கிடங்குக்கு வேலைக்குப் போகும் காலைப் பேருந்து பாலத்தில் ஏறியதும் மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கோதுமை மேட்டில் ஏறிக்கொண்டிருப்பேன்.

கென்டில் இருந்தது ஒரே ஒரு வருடம். உதவித்தொகையில் முதுகலை படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். விமானத்தில் ஏறிய முதல் ஆளும் நானே. ஞாயிற்றுக்கிழமைகளில் செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று தேடியபோது, நூலக வாசலில் நடைவழிக் குறிப்புகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு தாள், இரண்டு பக்கம், இலவசம். அவை பேசிய விதம் எனக்குப் பிடித்துப்போனது. 'தனியாக நிற்கும் ஓக் மரத்தை நோக்கி வயலைக் குறுக்காகக் கடக்கவும். வேலியில் உள்ள மரப்படியில் ஏறித் தாண்டவும். பேரிக்காய்த் தோட்டத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு இறங்கவும். மாடுகள் இருக்கலாம்.' சமையல் குறிப்பு மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். யாரிடமாவது கேட்டுக்கொள் என்று எந்த வரியிலும் இருக்காது.

முதல் ஞாயிறு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பண்ணைக் கதவு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புக்குறி உள்ளே போ என்றது. கால் போகவில்லை. பின்னால் ஒரு முதிய தம்பதி நாயோடு வந்தார்கள். ஒரு ஆள் மட்டும் நுழைகிற மாதிரி, மாடு வெளியே வராத மாதிரி, அரைவட்டத்துக்குள் ஆடுகிற கதவு அது. எனக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்து, அந்தக் கிழவர் பொறுமையாக மூன்று தடவை திறந்து மூடிக் காட்டினார். நானும் அன்றைக்குத்தான் கதவையே பார்க்கிறவன் மாதிரித் தலையாட்டினேன். அப்புறம் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். அவர்கள் கூட்டிவந்த ஆள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

நின்றதற்குக் காரணம் இருந்தது. பெரியகுளம் பக்கத்தில், எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்குள் புகுந்து போனால் பத்து நிமிடம். ரோட்டோடு சுற்றினால் முக்கால் மணி. ஊருக்குள்ளிருந்து வருகிற பிள்ளைகள் தோப்பு வழியாகப் போவார்கள். எங்களைக் கண்டால் காவல்காரர், "யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்பார். பதில் அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டுக் கையை ரோட்டுப் பக்கம் நீட்டுவார். அடித்ததில்லை, திட்டியதுமில்லை. பன்னிரண்டு வருடம் நான் ரோட்டோடு சுற்றித்தான் படித்தேன். அதே தோப்பில் அம்மா கூலிக்குக் காய் பறித்தாள். வேலை உள்ள நாளில் உள்ளே போகலாம். வேலை இல்லாத நாளில் அவளும் ரோட்டோடுதான்.

கென்டில் முதன்முதலாக ஆப்பிள் தோட்டத்துக்குள் நடந்தது இலையுதிர் காலத்தில். இரண்டு வரிசைக்கு நடுவில் புல், இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தலை உயரம் வரை பழம். கிளையில் உடம்பு படாதபடி கைகளை மடக்கிக்கொண்டு நடந்தேன். தூரத்தில் பெரிய மரப்பெட்டிகளைச் சுற்றி ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கையை உயர்த்தியதும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். வணக்கம் சொல்லத்தான் உயர்த்தியிருக்கிறார். தோட்டம் முடிந்து அடுத்த கதவைத் தாண்டியதும் நான் நின்று, கோட்டின் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறினேன். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரிந்தது. தோப்பு வேலை முடிந்து வரும் பெண்கள் வாசலில் மேஸ்திரி முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அம்மாவைக் கூட்டிப்போக அங்கே நின்று அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். இங்கே என்னைப் பார்த்தது ஒரே ஒரு மாடு. பாக்கெட்டிலிருந்த பேருந்துச் சீட்டு காற்றில் போய்விட்டது. திரும்பி வர நாலு மைல் நடந்தேன்.

அந்த வாரம் அம்மாவோடு பேசும்போது தோட்டத்துக்குள் நடந்ததைச் சொன்னேன். பாக்கெட்டை உதறியதைச் சொல்லவில்லை.

"யாரக் கேட்டுட்டுப் போன?"

"யாரையும் கேக்க வேணாம்மா. சட்டமே அப்படி."

"சட்டம் இங்குட்டும்தான்டா இருக்கு," என்றாள். அப்புறம், பழத்தைத் திருகிப் பறிக்கிறார்களா, காம்போடு கத்தரித்து எடுக்கிறார்களா என்று விசாரித்தாள்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் படம் அனுப்பினேன். ஏப்ரல் கடைசியில் ஆப்பிள் பூத்தபோது அனுப்பிய படத்தை அவள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூவுக்கு நடுவில் பாதை, பாதையில் என் நிழல். ஒரு பெண், "ஒம் மவன் அந்தத் தோட்டத்தை வாங்கிட்டானா?" என்று கேட்டாளாம். வாங்கவில்லை, சும்மா நடக்கிறான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லையாம். அப்போதுதான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இங்கே கூட்டிவந்து, யாரையும் கேட்காமல், இந்தத் தோட்டத்துக்குள் உன்னை நடக்க வைக்கிறேன் என்று. அவள் சிரித்தாள். ஆனால் பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுக்க மறுநாளே போய்விட்டாள்.

அவளுக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. வருடம் முடிந்தது. எனக்கு வேலை கிடைத்தது ஆக்லாந்தில், ஒரு சரக்குக் கிடங்கின் கணினிப் பிரிவில். அறையைக் காலி செய்யும் நாளில் நடைவழித் தாள்களை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தேன். பதினேழு தாள். ஒவ்வொன்றிலும் சேறு.

ஆக்லாந்தில் நடக்க இடம் இல்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கடற்கரை இருக்கிறது, காடு இருக்கிறது, எரிமலை மேடுகள் இருக்கின்றன. எல்லாம் பொது இடம். நன்றாகப் பராமரிக்கிறார்கள். நானும் போனேன், நடந்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் நகரத்தைத் தாண்டிக் காரில் போகும்போது இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாகப் பச்சை வயல்கள் வந்தால் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவேன். அப்படியே கென்ட் மாதிரி இருக்கும். செம்மறி ஆடு, வேலி, மேட்டின் மீது ஒற்றை மரம். கண் தானாகவே மஞ்சள் அம்புக்குறியைத் தேடும். கம்பி வேலி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. நில அளவையாளர். ஒருநாள் சமையலறையில் அவரிடம் என் மனக்குறையைச் சொன்னேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, இது இங்கிலாந்து இல்லை. இஞ்ச ஒருத்தற்ற தோட்டத்துக்குள்ள சும்மா போகேலாது. கடற்கரையில நடவுங்கோவன்."

"கடற்கரை வேற அண்ணே."

"ஓம், அதில ஆப்பிள் காய்க்காதுதான்," என்றார்.

ஆனால் அவர்தான் சில நாள் கழித்துக் காகித ரோடு என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் நிலத்தைப் பங்கு போட்டபோது, வரைபடத்தில் கோடு போட்டு ரோடு என்று பதிந்துவிட்டார்கள். பல இடங்களில் ரோடு போடவே இல்லை. கோடு மட்டும் சட்டப்படி இன்றைக்கும் செல்லும். பண்ணைக்குள் போனாலும் அது பொது வழி. யாரும் நடக்கலாம்.

அன்றிலிருந்து ஓய்வு நேரம் முழுக்க வரைபடத்தில்தான் போயிற்று. நகரத்துக்கு வடமேற்கே ஒரு ஆப்பிள் தோட்டத்தை ஒட்டி அப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணையிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"ஆனா தம்பி, வரைபடத்தில இருக்கிறது எல்லாம் நிலத்தில இருக்கும் எண்டில்லை. போக முந்தி காணிக்காரரிட்ட ஒருக்காக் கேட்டா நல்லம்."

நல்ல யோசனைதான். ஆனால் கேட்டுவிட்டுப் போவதானால் நான் ஏன் இத்தனை நாள் தேட வேண்டும்? அவருக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, கேட்கவில்லை.

ஏனென்றால் அம்மா வரவிருந்தாள்; கேட்காமல் நடக்க வைப்பதாகத்தான் அவளுக்கு வாக்கு. இந்த நாட்டு விசா முதல் தடவையே கிடைத்துவிட்டது. மூன்று மாதம்.

பிப்ரவரியில் வந்தாள். சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரும் காலில் கேன்வாஸ் ஷூவுமாகக் கிளென்ஃபீல்ட் தெருக்களை இரண்டே வாரத்தில் பாடமாக்கிவிட்டாள். மார்ச்சில் ஃபெயோவா பழம் உதிரும் காலம். பச்சையாக, கொய்யா மாதிரி வாசம். நிறையக் காய்த்த வீட்டுக்காரர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று வீட்டுக் கதவையே பார்ப்பாள். யாராவது வெளியே வந்து தலையாட்டினால்தான் எடுப்பாள். வராவிட்டால் எடுக்காமலே வந்துவிடுவாள். எழுதி வைத்திருக்கிறார்கள் அம்மா, எடுத்துக்கொள் என்று சொன்னால், "எழுதுனது எனக்கா தெரியும்," என்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. எப்படியாவது ஒரே ஒரு முறை, யார் முகத்தையும் பார்க்காமல் இவள் ஒரு தோட்டத்தைக் கடந்து போக வேண்டும். வேறெந்தச் சுற்றுலாவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணையின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். முந்தின நாள் வரைபடத்தை அலுவலகத்தில் அச்செடுத்து, அதன் பின்பக்கம் கென்ட் தாள்களைப் போலவே நானே குறிப்பு எழுதியிருந்தேன். 'கதவைத் தாண்டியதும் மேட்டில் ஏறவும். இரண்டாவது சவுக்கு வரிசையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு இறங்கவும்.' இங்கே தோட்டங்களுக்குக் காற்று படாமலிருக்கச் சவுக்கு மரத்தை நெருக்கமாக நட்டு மதில் மாதிரி வெட்டி விட்டிருப்பார்கள். போனைக் காரிலேயே வைத்துவிட்டேன். கென்டில் தாளை வைத்துத்தான் நடந்தேன். அப்படியே நடக்க ஆசை.

இரும்புக் கதவு சாத்தியிருந்தது. பெயர்ப்பலகை இல்லை, அம்புக்குறி இல்லை. அம்மா நின்றுவிட்டாள்.

"யாரக் கேட்ட?"

"இது ரோடும்மா. ரோட்டுல போறதுக்கு யாரக் கேக்கணும்?"

"ரோடு எங்கடா இருக்கு? புல்லுதான கெடக்கு."

நான் தாளை விரித்துக் கோட்டைக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ படிச்சவன். நீ பாத்துச் சொன்னா சரிதான்," என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவில் ஏறினாள். கீல் இருக்கிற பக்கமாக ஏறு, அங்கேதான் கதவு தாங்கும் என்று சொன்னேன். பண்ணைக் கதவைப் பற்றி எனக்கும் ஒன்று தெரிந்திருப்பதில் அவளுக்குச் சந்தோஷம்.

முதல் மேட்டில் அவள் எனக்குப் பின்னால் ஒட்டி வந்தாள். கென்டில் நான் அந்தத் தம்பதியின் பின்னால் போன மாதிரியே. மேட்டிலிருந்து பார்த்தால் நிலம் அலை அலையாக இறங்கி எங்கோ கடல் பக்கம் போயிற்று. சவுக்கு வரிசை வந்தது. இடப்பக்கம் வைத்துக்கொண்டு இறங்கினோம். ஆப்பிள் மரங்கள் தொடங்கின. பழம் சிவந்து தொங்கியது. நடு வரிசைக்குள் போனதும் அம்மா மெல்ல என் பக்கத்துக்கு வந்தாள். நல்லா கவாத்துப் பண்ணியிருக்காங்க என்றாள். இந்தக் கிளையை இப்படி மடக்கிக் கட்டினால்தான் வெயில் உள்ளே விழும் என்று சொல்லி, நின்று, கட்டியிருந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். யாரையும் தேடாமல் தொட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. ஒரு நூறு அடி அப்படி நடந்திருப்போம்.

பின்னால் நாலு சக்கர மோட்டார் பைக் சத்தம் கேட்டது.

ஓட்டி வந்தது தோட்டத்துக்காரப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். தொப்பி, கையில் பழைய கையுறை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். கோபமே இல்லை. நான் தாளை நீட்டி, இது பொது வழி, எங்களுக்கு நடக்க உரிமை இருக்கிறது என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். ஆமாம், அந்த ரோடு இருக்கிறது என்றார். ஆனால் இது முதலாவது சவுக்கு வரிசை. ரோடு போவது அதோ, கீழே, இரண்டாவது வரிசைக்கு அந்தப்புறம், ஓடைப் பள்ளத்துக்குள். நீங்கள் நிற்பது என்னுடைய தோட்டம்.

மேட்டில் ஏறும்போது தோட்டத்து வீட்டைச் சுற்றித் தெரிந்த சவுக்கு மரங்களை நான் முதல் வரிசை என்று எண்ணிவிட்டேன். அது வெறும் வீட்டு வேலி. என் கையெழுத்தில், என் தாளில், இரண்டாவது வரிசை என்று எழுதி வைத்துக்கொண்டு, எண்ணத் தெரியாமல் அம்மாவை இன்னொருவர் தோட்டத்துக்குள் கூட்டிவந்திருந்தேன். சாரி என்றேன். அவர் பரவாயில்லை என்றார். மறுபடி சாரி என்றேன். நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை அம்மாவுக்குத் தெரியும்.

"என்னடா சொல்றாங்க?"

"வழி இது இல்லையாம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். வா, திரும்பிப் போயிருவோம்."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். நான் திரும்பி இரண்டடி வைத்துவிட்டேன். அவள் வரவில்லை. பைக் பக்கமாகப் போய், அந்தப் பெண்மணிக்கு நேராக நின்று, தோட்டத்தின் கோடியைக் கை நீட்டிக் காட்டினாள். பிறகு இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வலது கையின் இரண்டு விரலை நடக்க விட்டாள்.

"போயிட்டு வரட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டாள். குனியவில்லை. கையைக் கட்டவில்லை. கடையில் தேங்காய் விலை கேட்கிற குரல்.

அந்தப் பெண்மணி சிரித்தார். தாராளமாக என்றார். கீழ் வேலியில் மின்சாரம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அம்மா முன்னால் நடந்தாள். இப்போது அவளுக்கு நடை விரிந்திருந்தது. பழங்களைப் பார்த்துப் பார்த்துப் போனாள். நான் பின்னால் வந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "கேட்டதும் விட்டுட்டாங்க பாத்தியா," என்றாள்.

"அதுக்கில்லம்மா. கேக்காமயே நீ நடக்கணும்னுதான் நான் கூட்டியாந்தேன். அந்த ஊர்ல அப்படித்தான் நடந்தேன். கேட்டுப் போறதுல என்ன இருக்கு?"

அவள் நின்றாள். திரும்பினாள்.

"நீ பள்ளிக்கூடம் சேந்த வருசம் அந்தத் தோப்புக்காரங்கள நாலு தடவ கேட்டேன். பச்சப் புள்ள, அம்புட்டுத் தூரம் சுத்த முடியல, ஒரு ஓரமாப் போய்க்கட்டும்னு. அவுக வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன். ஒனக்குத் தெரியாது. கேட்டதும் சரின்னு சொல்ற வாய இன்னைக்குத்தான்டா பாக்குறேன். ஒனக்கு அதுல ஒண்ணுமில்லையா?"

பன்னிரண்டு வருடம் சுற்றி நடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டிருப்பாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் கீழே விழுந்து கிடந்த பழமொன்றை ஷூ நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே நடந்தாள்.

தோட்டத்தின் கோடியில் நிஜமான இரண்டாவது சவுக்கு வரிசை வந்தது. அதில் ஓர் இடைவெளி. பக்கத்தில் மின்வேலிக் கம்பியைத் தொடாமல் கழற்ற ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தது. கழற்றி, கடந்து, மறுபடி மாட்டினேன். அந்தப்பக்கம் பள்ளம். பள்ளம் முழுக்க கோர்ஸ் புதர். ஆள் உயரம், ஊசி ஊசியாக முள், நுனியில் அங்கங்கே மஞ்சள் பூ. இதே செடியைக் கென்ட் மேடுகளில் பார்த்திருக்கிறேன். வேலிக்கு ஆகும் என்று அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்ததுதான், இங்கே நாடு முழுக்கப் படர்ந்துவிட்டது. பாதைதான் கப்பலில் வரவில்லை.

"இதாம்மா அந்த ரோடு."

"இதா?"

"ஆமா. இதுல போறதுக்கு யாரையும் கேக்க வேணாம். ஒனக்கும் எனக்கும் எல்லாருக்கும் பொது."

அம்மா புதரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப முள்ளு மட்டுந்தான் நமக்கா," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சவுக்கடியில் கிடந்த ஒரு கிளையை எடுத்துச் சிம்புகளை ஒடித்தாள். அதை வைத்து முதல் புதரை ஓரமாக அழுத்தி, ஷூவால் மிதித்துப் படுக்க வைத்தாள். அடுத்ததையும். "வாடா," என்று உள்ளே போனாள். நானும் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இருபத்தைந்து வருடம் தோப்பு வேலை செய்த கை. எந்த இடத்தில் அழுத்தினால் செடி மடங்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. என் கைதான் கிழிந்தது. இரண்டு தடவை அவள் சேலை மாட்டியது. அவளே நிதானமாக எடுத்துவிட்டாள். பதினைந்தடி போயிருப்போம். அதற்குமேல் முள்கொடி பின்னிக்கிடந்தது, சரிவும் செங்குத்து. அங்கே இருவர் நிற்க மட்டும் இடம் இருந்தது. கீழே எங்கோ ஓடைச் சத்தம்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே பார்த்தாள், வழி இன்னும் போகிறது என்பது மாதிரி.

"அந்த ஊர்ல பாதை இம்புட்டுத்தான் இருக்குமா?"

"சில இடத்துல இம்புட்டுத்தான். ஒரு ஆள் போற அளவு."

"எதிர்ல ஆளு வந்தா?"

"ஒருத்தர் ஒதுங்கி நிப்போம். வணக்கம் சொல்லிட்டுப் போவாங்க."

"யாரு ஒதுங்குறது?"

"யாரு பக்கம் இடம் இருக்கோ அவுங்க."

அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "வெள்ளைக்காரவுகளும் ஒதுங்குவாகளா?" என்று கேட்டாள்.

ஒதுங்குவார்கள் என்றேன். அந்தக் கதவைத் திறந்து காட்டிய கிழவர், அடுத்த ஞாயிறு ஒரு குறுகலான இடத்தில் எதிரே வந்தபோது, நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலிச்செடிக்குள் முதுகு பதிய நின்று எனக்கு வழிவிட்டதைச் சொன்னேன். அவள் அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். எந்தப் பக்கம் நின்றார், மழை பெய்ததா, நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "அங்க ஒரு தடவ போகணும்டா," என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவரை ஆசை என்னுடையதாகவே இருந்தது.

சரி என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பி, வேலிக் கைப்பிடியை மாட்டிவிட்டு, அந்தப் பெண்மணியின் தோட்டத்துக்குள் ஏறினோம். கார் நின்ற இடத்துக்கு வேறு வழி இல்லை.